அணைத் தண்ணீரில் ஓட எந்த மோட்டார்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

வாசகர் கேள்வி:

அண்ணா, வணக்கம். பென்னாகரம் வட்டம், நாகமரைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மேட்டூர் அணை நீர்ப்பிடிப்பில் எங்கள் சங்கத்து ஆட்கள் பரிசலில் போய் வலை விடுகிறார்கள். விடியற்காலையில் பரிசல் பரிசலாகப் போய் மீனை வாங்கி, ஐஸ் போட்டுக் கரைக்குக் கொண்டுவர 20 அடி ஃபைபர் படகு ஒன்று எடுத்திருக்கிறோம். இப்போது துடுப்புதான். மோட்டார் மாட்ட வேண்டும். என் மாமா கேரளக் கடற்கரையில் வேலை பார்க்கிறார். அங்கே ஓடிய 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் டூ ஸ்ட்ரோக் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். புதிய பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக் விலை அதைப்போல் பல மடங்கு. "ஃபோர் ஸ்ட்ரோக் ரிப்பேர் ஆனால் தருமபுரியில் யார் பார்ப்பார்கள்? டூ ஸ்ட்ரோக்தான் அடிச்சு ஓட்டலாம்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். முடிவு சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில் (படகு மோட்டார் மெக்கானிக், தருமபுரி):

தம்பிக்கு வணக்கம். முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம். உங்கள் சங்கத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குங்கள். 9.9 போதும், அதற்கு மேல் வேண்டாம். கையில் பணம் போதவில்லை என்றால் இன்னும் சில மாதம் துடுப்புப் போட்டுச் சேர்த்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் மாமா சொல்வது அவர் ஊருக்குச் சரி. கடலில் அலை உடையும் இடத்தைத் தாண்ட வேண்டும். இரண்டு அலைக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் மோட்டார் சட்டென்று வேகம் எடுக்க வேண்டும். அந்த எடுப்பு டூ ஸ்ட்ரோக்கில் நன்றாக இருக்கும். எடையும் குறைவு. மணலில் தூக்கிப் போட்டு, கழற்றி மாட்டி, உப்பில் ஊறி ஓடுகிற பிழைப்புக்கு அது நல்ல மோட்டார்தான். கடற்கரை ஊர்களில் டூ ஸ்ட்ரோக்கை நம்பிக் குடும்பம் நடத்தியவர்களுக்கு நான் வேலை செய்து கொடுத்திருக்கிறேன். அதனால் அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் உங்கள் வேலை என்ன? ஒரு பரிசலிடம் போய் நிற்பது, மீனை எடைபோட்டு வாங்குவது, மெதுவாக நகர்ந்து அடுத்த பரிசலுக்குப் போவது. நடுவில் மிதவை கட்டிய வலைகளைச் சுற்றிக்கொண்டு ஊர்வது. பரிசலுக்குப் பக்கத்தில் நீங்கள் வேகமாகப் போகவே முடியாது. படகு கிளப்பும் அலையில் பரிசல் தளும்பி, வலையை இழுத்துக்கொண்டு நிற்கிறவர் தடுமாறிவிடுவார். ஆகவே உங்கள் மோட்டார் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி ஐடிலிங்கிலும் (நின்ற இடத்தில் மெல்ல ஓடுவது) த்ராட்டிலைக் கால் பங்கு மட்டும் திருகிய வேகத்திலும்தான் போகும். டூ ஸ்ட்ரோக் மோட்டார் தன் மோசமான குணத்தைக் காட்டுகிற இடம் அதுதான்.

ஏன் என்று புரிந்துகொண்டால் சங்கத்தில் பேச உங்களுக்கு வசதியாக இருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் துவாரங்களைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. எரிந்த புகை வெளியே போகும் துவாரமும் புதுக் கலவை உள்ளே வரும் துவாரமும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். புதுக் கலவைதான் பழைய புகையைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். அப்படித் தள்ளும்போது அதிலேயே ஒரு பங்கு எரியாமல் புகையோடு போய்விடும். கார்புரேட்டர் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றும் எரிபொருளில் கால் பங்கு வரைகூட இப்படி வீணாகும். மெதுவாக ஓடும்போது உள்ளே எரிவதே ஒழுங்காக நடக்காது. ஒரு சுற்று எரியும், ஒரு சுற்று தப்பும். ப்ளக்கில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படியும். நடு நீரில் நின்றுபோகும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலி கண்டுவிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் உள்ளே இழுக்க ஒரு அடி, அமுக்க ஒரு அடி, எரிய ஒரு அடி, புகையை வெளியே தள்ள ஒரு அடி என்று நான்கும் தனித்தனி. வால்வு மூடித் திறப்பதால் புதுக் கலவை வெளியே ஓட வழி மிகக் குறைவு. எண்ணெய் தனியாக அடியில் இருக்கும், எரிபொருளோடு கலக்க வேண்டியதில்லை. ஐடிலிங்கில் எவ்வளவு நேரம் நின்றாலும் சீராகத் துடிக்கும். சத்தமும் குறைவு. பரிசலில் இருப்பவர் சொல்லும் எடை உங்கள் காதில் விழும்.

இது நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பழகிய கதைதான். 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. மூட்டை கட்டிப் பால் கேன் மாட்டி ஓட்டாத கிராமம் இங்கே உண்டா? பெட்ரோல் போடும்போது கூடவே ஆயிலும் ஊற்றுவோம். 2015-ல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தபோதும் இதே பேச்சுதான் இருந்தது: வால்வு இருக்கிறது, ரிப்பேர் வந்தால் யார் பார்ப்பது, பழைய வண்டி போல இழுக்குமா என்று. இன்று அதே மூட்டைகளை அந்த வண்டிதான் சுமக்கிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் பழகிக்கொண்டார்கள்.

ரிப்பேர் பற்றிய பயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. டூ ஸ்ட்ரோக்கை யாரும் பிரிக்கலாம் என்பது உண்மை. பிஸ்டன், ரிங், ப்ளக், கார்புரேட்டர் அவ்வளவுதான். ஆனால் எத்தனை முறை பிரிக்க வேண்டிவரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் ஃபோர் ஸ்ட்ரோக்கின் இன்ஜின் தலையைத் தொட வேண்டிய அவசியம் நீண்ட காலத்துக்கு வராது. வால்வு இடைவெளி பார்ப்பது பைக் மெக்கானிக்குக்குத் தெரிந்த வேலைதான். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் கையேட்டில் உள்ள அளவும் இருந்தால் பென்னாகரத்திலேயே முடித்துவிடலாம். இன்ஜினைவிட அதன் கீழே இருக்கும் பாகம்தான் நம் மெக்கானிக்குகளுக்குப் புதிது. தண்ணீர் இழுக்கும் பம்ப், கியர் பெட்டி, ப்ரொப்பல்லர் தண்டு. அது இரண்டு வகை மோட்டாரிலும் ஒன்றுதான். ஆகவே "இதைப் பார்க்க ஆள் இருக்கிறது, அதற்கு இல்லை" என்பது பாதிதான் சரி. வாங்கும்போதே விற்பவரிடம் பேசி, உங்கள் சங்கத்து இளைஞர் ஒருவரை இரண்டு மூன்று நாள் அவர்கள் பட்டறையில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். விலை பேசி முடிக்கும் முன்னால் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள். பணம் கட்டிய பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

இனி செலவு. விலை வித்தியாசத்தைப் பார்த்துத்தான் சங்கத்தில் தயங்குவார்கள், அதனால் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். உங்களைப் போல மெதுவாக ஓட்டும் வேலையில் 9.9 டூ ஸ்ட்ரோக் மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் குடிக்கும் என்று வையுங்கள். அதே வேலைக்கு ஃபோர் ஸ்ட்ரோக் 2 லிட்டருக்குள் முடித்துவிடும். மணிக்கு ஒரு லிட்டர் மிச்சம். நாளுக்கு 3 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 75 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 7,500 ரூபாய். இதோடு டூ ஸ்ட்ரோக்குக்கு 50-க்கு 1 என்ற அளவில் ஆயில் கலக்க வேண்டும். நாளுக்கு 9 லிட்டருக்கு 180 மில்லி, மாதம் நான்கரை லிட்டர். அதுவும் பைக்குக்கு ஊற்றும் டூ டி ஆயில் அல்ல. தண்ணீரால் குளிரும் மோட்டாருக்கென்று டிசி-டபிள்யூ3 (TC-W3) முத்திரையோடு வருகிற ஆயில், அதற்கு விலை அதிகம். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் போதும். இது தோராயக் கணக்குதான், உங்கள் படகின் பாரத்தைப் பொறுத்து மாறும். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. தினமும் ஓட்டுகிற உங்களுக்கு விலை வித்தியாசம் இரண்டு மூன்று வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும் என்பது என் மதிப்பீடு.

மண்ணெண்ணெயில் ஓட்டினால் மலிவு அல்லவா என்று மாமா சொல்லியிருப்பார். அங்கே மீனவர்களுக்கு மானிய மண்ணெண்ணெய் ஏற்பாடு இருக்கிறது. இங்கே உங்களுக்கு அது கிடையாது. ரேஷனில் கொடுக்கும் நீல நிற மண்ணெண்ணெயை மோட்டாரில் ஊற்றுவது சட்டப்படி குற்றம், சங்கத்தின் பெயரே கெட்டுவிடும். வெளிச் சந்தையில் வாங்கும் மண்ணெண்ணெய் மலிவும் இல்லை, நம் பக்கம் நினைத்த நேரத்தில் கிடைப்பதும் இல்லை. அதோடு மண்ணெண்ணெய் மோட்டாரைப் பெட்ரோலில்தான் கிளப்ப வேண்டும், சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், நிறுத்தும் முன் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றிக் கார்புரேட்டரில் நிற்கும் மண்ணெண்ணெயை எரித்துத் தீர்க்க வேண்டும். இருபது பரிசலுக்கு இருபது தடவை நிறுத்திக் கிளப்புகிற உங்களுக்கு இது சரிப்பட்டு வருமா? இன்னொன்று, மீன் கொண்டுவரும் படகில் மண்ணெண்ணெய் கேன் இருந்தால் அந்த வாடை ஐஸ் பெட்டிக்குள் ஏறிவிடும். கட்லாவும் ரோகுவும் எவ்வளவு புதிதாக இருந்தாலும், சமைக்கும்போது மண்ணெண்ணெய் வாசம் வந்தால் தருமபுரிச் சந்தையில் அடுத்த நாள் உங்கள் பெட்டியைத் தொட மாட்டார்கள்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது தண்ணீர். டூ ஸ்ட்ரோக் மோட்டாரின் புகை தண்ணீருக்கு அடியில்தான் வெளியேறுகிறது. நாளுக்கு 9 லிட்டர் ஊற்றினால் இரண்டு லிட்டருக்கு மேல், அதில் கலந்த ஆயிலோடு சேர்த்து, எரியாமல் நேராக அணைக்குள் போகலாம். கடலில் அது அலையில் கலைந்துபோகிறது. நீர்ப்பிடிப்பின் ஓரங்களில், கரை வளைந்து ஓட்டம் இல்லாமல் நிற்கும் தண்ணீரில், மேலே படலமாக மிதக்கும். பரிசல்காரர்கள் வலை விடுவதும் பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு நல்ல தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருந்ததால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஊர்கள் நம்முடையவை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் பல ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் கிடைத்தது. அந்தத் திட்டத்துக்குத் தண்ணீர் எடுப்பது உங்களுக்கு மேலே. ஆனால் உங்களுக்குக் கீழே, அணையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கும் ஊர்களும் நம்மைப் போன்றவைதான். வெளிநாடுகளிலும் இதே காரணத்துக்காகத்தான் கட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவின் டாஹோ ஏரியில் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் மோட்டார்களை 1999-ல் தடுத்தார்கள். அந்த நாடு முழுவதும் 1998 தொடங்கி 2006-க்குள் படிப்படியாகப் புகைக் கட்டுப்பாட்டைக் கடுமையாக்கினார்கள். எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் சுத்தமான டூ ஸ்ட்ரோக் மோட்டார்களும் இருந்தன. அவற்றில் பேர்பெற்ற எவின்ரூட் 2020-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. யாராவது அதைப் பழையதாக விற்க வந்தால் உதிரிபாகத்துக்குத் திண்டாட வேண்டும், வேண்டாம்.

சரி, ஃபோர் ஸ்ட்ரோக்கில் குறையே இல்லையா? இருக்கிறது. எடைதான் பெரிய குறை. ஒரே கம்பெனியின் 9.8 குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். தொஹாட்சுவில் டூ ஸ்ட்ரோக் 26 கிலோ, ஃபோர் ஸ்ட்ரோக் 37 கிலோ. 15 குதிரைத்திறனுக்குப் போனால் ஃபோர் ஸ்ட்ரோக் மாடலைப் பொறுத்து 43 முதல் 50 கிலோ வரை போகும். மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. கோடையில் தண்ணீர் இறங்கினால் உங்கள் கரை எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று உங்களுக்கே தெரியும். நேற்று படகு கட்டிய இடம் இன்று சேறாக இருக்கும். திருட்டுப் பயத்தில் தினமும் மோட்டாரைக் கழற்றி மேட்டில் ஏற்றுவீர்கள் என்றால் 37 கிலோவை ஒரு ஆள் சேற்றில் சுமக்கக் கூடாது. இரண்டு பேர் பிடிக்கிற மாதிரிக் கட்டையில் ஒரு தாங்கி செய்துகொள்ளுங்கள். 15 வாங்கலாமே என்று சங்கத்தில் யாராவது சொன்னால் இந்த எடையைச் சொல்லுங்கள்.

இன்னொரு கவனம், ஃபோர் ஸ்ட்ரோக்கை இஷ்டத்துக்குப் படுக்கப்போடக் கூடாது. உள்ளே எண்ணெய் நிற்கிறது. தவறான பக்கம் படுக்கவைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். எந்தப் பக்கம் தரையில் பட வேண்டும் என்று மோட்டாரிலேயே படம் ஒட்டியிருப்பார்கள். குட்டியானையில் ஏற்றி வரும்போது நிமிர்த்திக் கட்டுவது இன்னும் நல்லது. கையால் மோட்டார் எடுத்து வைக்கும் எல்லோருக்கும், கூட வரும் பையன்களுக்கும், இதைச் சொல்லிவிடுங்கள்.

பெரிய மோட்டார் வேண்டாம் என்று சொன்னதற்கு எடை மட்டும் காரணம் இல்லை. 20 அடிப் படகு பாரத்தோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது அதற்கு ஒரு வேக எல்லை உண்டு. தண்ணீரில் பதியும் நீளத்தைப் பொறுத்தது அது. உங்களுக்கு மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர். அந்த எல்லையைத் தாண்டவேண்டுமானால் படகு தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஐஸும் மீனும் ஏற்றிய படகு 15 குதிரைத்திறன் மோட்டாருக்கும் எழும்பாது. பின்பக்கம் அமிழ்ந்து, முன்பக்கம் தூக்கி, பெரிய அலையைக் கிளப்பிக்கொண்டு பெட்ரோலைக் குடிக்கும், அவ்வளவுதான். 5 குதிரைத்திறனே ஒரு அமைதியான நாளில் உங்களை இழுத்துவிடும். ஆனால் ஆடிக் காற்றில் திறந்த நீரில் பாரத்தோடு எதிர்த்து வர வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் 9.9 என்கிறேன். பாரம் தள்ளுவதற்கென்றே கியர் விகிதம் அதிகமாகவும் ப்ரொப்பல்லர் பெரிதாகவும் வைத்த ஹை த்ரஸ்ட் மாடல் கிடைத்தால் அதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னே தள்ளும் தூரம்) குறைந்த ப்ரொப்பல்லரைக் கேட்டு வாங்குங்கள். வேகப் படகுக்கான ப்ரொப்பல்லரை மாட்டிக்கொடுத்துவிட்டால் மோட்டார் திணறும், குற்றம் மோட்டார் மேல் விழும்.

காசு கொடுக்கும் முன்னால் படகின் பின்பலகையை அளந்து பாருங்கள். மேல் விளிம்பிலிருந்து அடிப்பலகை வரை நேர் உயரம் எவ்வளவு? 15 அங்குலத்தை ஒட்டி இருந்தால் குட்டைத் தண்டு மோட்டார், 20 அங்குலத்தை ஒட்டி இருந்தால் நீளத் தண்டு. ப்ரொப்பல்லருக்கு மேலே தட்டையாக இருக்கும் தகடு படகின் அடிப்பகுதியோடு சமமாகவோ ஓரிரு விரல் கீழாகவோ நிற்க வேண்டும். உயர்ந்து நின்றால் ப்ரொப்பல்லர் காற்றை இழுத்துச் சும்மா சுற்றும். அதிகம் தாழ்ந்தால் உங்கள் கரையோர ஆழத்தில் தரையைத் தட்டும். துடுப்புக்காகச் செய்த படகு என்கிறீர்கள், அப்படியானால் பின்பலகை மோட்டாரின் தள்ளலைத் தாங்குமா என்பதை ஃபைபர் வேலை தெரிந்தவரிடம் காட்டி, உள்ளே நல்ல பலகை வைத்துக் கனப்படுத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

தட்டுவது பற்றிச் சொன்னேன் இல்லையா, உங்கள் பக்கம் அது பெரிய விஷயம். தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் நந்தியும் பழைய தேவாலயமும் வெளியே தெரியும். அதுபோல வெளியே தெரியாமல் அரையடி ஆழத்தில் நிற்கும் பாறையும் மரக்கட்டையும் எத்தனையோ. முன்னால் ஓடும்போது மோட்டார் தட்டினால் தானாக மேலே தூக்கிக்கொள்ளும்படி டில்ட் பூட்டை (மோட்டார் மேலே சாயாமல் பிடிக்கும் பூட்டு) திறந்தே வைத்திருங்கள். ரிவர்ஸில் மட்டும்தான் அது பூட்டியிருக்க வேண்டும். ப்ரொப்பல்லருக்கு ஷியர் பின் (தட்டினால் முதலில் உடையவென்றே வைக்கும் சின்ன ஊசி) வைத்த மாடல் என்றால் நான்கைந்து பின்னும் ஒரு குறடும் படகிலேயே இருக்கட்டும். பின் உடைந்தால் கியர் பிழைத்தது என்று அர்த்தம். அதற்குப் பதில் ஆணியைச் செருகி ஓட்டினால் அடுத்த தட்டில் கியர் போய்விடும்.

பெட்ரோலில் ஒரு எச்சரிக்கை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இப்படிப் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களின் கையேடுகளில் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் அனுமதி போட்டிருப்பார்கள். ஆகவே நீங்கள் பார்க்கும் மாடல் 20 சதவீதத்துக்கு ஒத்துவருமா, வாரண்டி நிற்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னால் போதாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் மேலேயே கிடக்கும் டேங்கில் வாரக்கணக்கில் பெட்ரோல் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், மோட்டார் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று கட்டாயம் வையுங்கள். கார்புரேட்டர் மாடலாக இருந்து நாலைந்து நாள் ஓட்டப்போவதில்லை என்றால், எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, மோட்டார் தானாக நிற்கும் வரை தண்ணீரிலேயே ஓடவிட்டுக் காலி செய்யுங்கள். பழைய டூ ஸ்ட்ரோக்கின் ரப்பர் குழாய்களும் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறி வெடிக்கும். மாமா சொல்லும் மோட்டாரை நான் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு சொல்லியும் சங்கத்தில் பழைய மோட்டாரைத்தான் வாங்குவது என்று முடிவானால், பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். யாராவது ஒருவர் நேரில் போக வேண்டும். மூடியைத் திறந்து, ப்ளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் அமுக்கத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துக் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒன்றில் ரிங் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து கியர் பெட்டியின் அடித் திருகைத் தளர்த்தி எண்ணெயைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கடலில் ஓடிய மோட்டாரில் குளிர்நீர் ஓடும் வழிகளில் உப்பு கட்டி அடைத்திருக்கும். அதனால் ஓடவிட்டு, பின்னால் துவாரத்தில் தண்ணீர் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராகப் பீய்ச்சுகிறதா என்று கால் மணி நேரமாவது நின்று பாருங்கள். சூடு ஏறிய பிறகு நிறுத்தி, உடனே மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். குளிர்ந்திருக்கும்போது கிளம்பிவிட்டு, சூட்டில் கிளம்பாத மோட்டார்தான் அதிகம் ஏமாற்றும். இந்தச் சோதனைக்கு விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

பின்துவாரத் தண்ணீரைச் சொன்னேன், புது மோட்டாருக்கும் அதுதான் உயிர். கிளப்பியவுடன் அங்கே கண் போக வேண்டும். தண்ணீர் வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். உள்ளே தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் ரப்பரால் ஆனது. தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடினாலே கருகிவிடும். கரையில் வைத்து "சும்மா ஒரு தடவை கிளப்பிப் பார்க்கிறேன்" என்று யாரையும் விடாதீர்கள். ஆகாயத்தாமரையும் பாசியும் இழுக்கும் வாயை அடைக்கும், அடிக்கடி தூக்கிப் பார்த்துக் கையால் எடுத்துவிட வேண்டும். கடல் உப்பு இல்லாததால் தினமும் நல்ல தண்ணீரில் கழுவும் வேலை உங்களுக்கு இல்லை. ஆனால் சேறு உண்டு. வருடத்துக்கு ஒரு இம்பெல்லர் மாற்றிவிடுங்கள்.

அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மோட்டார் வாங்கும் முன் சங்கத்தின் பெயரில் மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அணை நீரில் மோட்டார் படகு ஓட்ட என்னென்ன அனுமதி தேவை என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். சங்கங்களுக்கு மானியத் திட்டம் ஏதாவது நடப்பில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் மானியம் கிடைக்காமல் போகலாம்.

படகில் ஏறும் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும், நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். மோட்டாரோடு சிவப்பாகச் சுருண்ட கயிறு ஒன்று வரும். ஓட்டுபவர் மணிக்கட்டில் அதை மாட்டிக்கொண்டால், அவர் தவறி விழுந்த நொடியில் மோட்டார் நின்றுவிடும். ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்ப வந்து ப்ரொப்பல்லர் கிழித்த விபத்துகள் எத்தனையோ நடந்திருக்கின்றன. அந்தக் கயிறு இல்லாமல் கிளப்பவே கூடாது என்று சங்கத்திலேயே விதி போடுங்கள். துடுப்புகளையும் விற்றுவிடாதீர்கள், படகிலேயே கிடக்கட்டும்.

புது மோட்டார் வந்ததும் முதல் பத்து மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். ஒரே வேகத்திலும் ஓட்டாமல் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். 20 மணி நேரத்தில் முதல் எண்ணெய் மாற்றம். தினம் மூன்று மணி நேரம் ஓட்டும் உங்களுக்கு அது ஒரு வாரத்திலேயே வந்துவிடும், "அதற்குள்ளா?" என்று தள்ளிப்போடாதீர்கள். கியர் எண்ணெயையும் அப்போதே மாற்றுங்கள். பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. உங்களுக்கு அது ஏறக்குறைய நாற்பது நாளில் வரும். படகில் ஒரு நோட்டு வைத்து, ஓட்டிய மணியை அன்றன்றைக்கு எழுதச் சொல்லுங்கள். முதல் எண்ணெயை வடிக்கும்போது ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். மெல்லிய மினுமினுப்பு இருந்தால் புது மோட்டாரில் அது இயல்பு. கையில் நெருடும் துகள் இருந்தால் மோட்டாரை மேற்கொண்டு ஓட்டாமல் வாங்கிய இடத்துக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள், வாரண்டி அதற்குத்தான்.